நாள்தோறும் புதிதாகும் பாலம்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் பழமொழி. எழுதிய சித்திரம் நிலைக்காது என்று தெரிந்தே ஓர் ஊரார் ஒரு சுவரில் எழுதி வருகிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மேற்குக் கோடியில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய துறைமுக நகரம் பென்சகோலா. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை 1883-ஆம் ஆண்டில் போட்டு முடிக்கப்பட்டது. அப்பாதை பதினேழாம் அவென்யூ என்னும் சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள சிறு பாலத்தையே கூறுகிறேன். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் பயணிகள் வண்டி நின்றுவிட்டது. சரக்கு வண்டிகள் மேலே ஓடுகின்றன, கார்கள் கீழே செல்கின்றன. கட்டடக் கலையின் அற்புதம் ஏதும் அதில் இல்லை. ஆயினும் "கிராஃபிட்டி பாலம்" என்றால் ஊரில் அறியாதார் இல்லை. பொதுச் சுவர்களில் மக்கள் தாமாகவே தீட்டும் எழுத்தும் ஓவியமுமே கிராஃபிட்டி.

பிறந்தநாள் வாழ்த்து, காதலிக்கு விண்ணப்பம், பள்ளி அணிக்கு உற்சாகம், மறைந்தவருக்கு அஞ்சலி ஆகிய அனைத்தும் அங்கே வண்ணமாகின்றன. ரயில்வே சொத்தில் எழுதுவது முறையன்று எனினும், நெடுங்காலமாக ஊர் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. எவரும் எழுதலாம், எவரும் அதன்மேல் எழுதலாம். எழுதாத சட்டம் இதுவே.

இச்சட்டம் கொடியதன்றோ என்று கேட்கத் தோன்றும். 2019 டிசம்பர் 6-ஆம் நாள் அவ்வூர்க் கடற்படை விமானத்தளத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாலுமிகள் மூவர் மாண்டனர். ஊரின் துயரம் உடனே அப்பாலத்தில் எழுந்தது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையைக் கண்டித்தவர்களும் அங்கேதான் திரண்டனர். அத்தகைய எழுத்தின்மீதும் மற்றொருவர் வண்ணம் பூசலாமா?

பூசலாம் என்றே நான் கருதுகிறேன். கல்வெட்டு வென்றவனின் பெயரைக் காக்கும். அதில் இடம்பெறச் செல்வமோ அதிகாரமோ வேண்டும். இப்பாலத்தில் இடம்பெற ஒரு டப்பா வண்ணம் போதும். நேற்று எழுதியவர் இடம்விட்டதால்தான் இன்று அழுகிறவருக்கு இடம் கிடைத்தது. எந்த எழுத்தும் அங்கே நிலைப்பதில்லை. ஆதலால்தான் அந்தச் சுவர் எல்லாருக்கும் சொந்தமாக நிலைக்கிறது.