ரவாங்கில் உச்சிப்பொழுது ஒன்றே கால் மணிக்கு

மார்ச் கடைசி ஞாயிறு வந்தால் ரவாங் மாமாக் கடைகளில் இங்கிலாந்துக் காற்பந்தாட்டம் ஒரு மணி நேரம் முந்திக்கொள்ளும். அதுவரை சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் 10 மணிக்கே தொடங்கிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறோடு மறுபடியும் 11. லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். குளிர்காலத்தில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. கோடை வெளிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் 1916 முதல் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளிவைக்கிறார்கள். அதுவும் வானத்தின் கணக்கோடு அப்படியே ஒத்துப்போவதில்லை. மார்ச் மாதத்துச் சம பகலிரவு நாள் கழிந்து ஒரு வாரம்போல் ஆனதும் முள்ளை முன்னே நகர்த்துகிறார்கள். செப்டம்பர் மாதத்துச் சம நாள் கழிந்தோ ஒரு மாதத்துக்கும் மேலாகத்தான் பின்னே இழுக்கிறார்கள்.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு மூன்றரைப் பாகைக்குள் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் 23 நிமிடம்தான். ஆனாலும் நம் கடிகாரம் பலமுறை நகர்த்தப்பட்டிருக்கிறது. 1905 ஜூன் 1 அன்று மலாயாவின் நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முந்தியதாக வைக்கப்பட்டது. 1933 ஜனவரி 1-இல் 20 நிமிடம் கூட்டினார்கள். பகல் வெளிச்சத்தைச் சேமிப்பது என்றுதான் அதற்குப் பெயர், ஆனால் கோடை குளிர் என்ற பேதமில்லாமல் ஆண்டு முழுக்க அதே நேரம். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்டி ஏழரை மணி நேரம் ஆக்கினார்கள். ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம் வந்தது. அந்த மூன்றரை ஆண்டுகளில் ரவாங்கில் சூரியன் உச்சிக்கு வரக் கடிகாரத்தில் இரண்டே கால் மணி ஆகிவிடும். ஜப்பான் சரணடைந்த பிறகு பழைய ஏழரை திரும்பியது. கடைசியாக 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு முள்ளை நகர்த்திப் பன்னிரண்டு ஆக்கி, தீபகற்பத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு இணைத்தார்கள். நாட்டை ஒரே நேரத்தில் வைப்பதுதான் அதன் நோக்கம். பருவத்துக்கு அதில் வேலையில்லை.

இன்று நாம் பின்பற்றும் நேரம் 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவை ஒட்டி ஓடும் ரேகை அது. ரவாங் இருப்பது ஏறக்குறைய 101.6 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால் நமக்கு உச்சிப்பொழுது சராசரியாகப் பிற்பகல் 1:14. நவம்பர் தொடக்கத்தில் அது 12:57-க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 1:28 வரை தள்ளிப்போகும். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை இது. நவம்பர் முதல் தேதி 6:57-க்கு விடிகிற ரவாங்கில் பிப்ரவரி முதல் தேதி 7:28 ஆனால்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். இந்த அரை மணி வித்தியாசத்தில் பகலின் நீளம் மாறுவதற்குப் பங்கு மிகச் சிறிது.

இந்த ஊசலாட்டத்தோடு பொருந்திய கடிகார மாற்றம் ஒன்று நம் நாட்டிலேயே இருந்திருக்கிறது. 1935 முதல் 1941 வரை சரவாக்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 14 முதல் டிசம்பர் 14 வரை மட்டும் கடிகாரத்தை 20 நிமிடம் முன்னே வைத்தார்கள். சூரியன் முந்தி உதிக்கிற மாதங்கள் அவைதாம். நிலநடுக்கோட்டு ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

தோட்டத்து வேலையோ எப்போதும் சூரியனைப் பார்த்துத்தான் நடந்தது. வெயில் ஏறுமுன் பால்மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்; அப்போது வெட்டினால் பால் நன்றாக ஒழுகும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால்தான் விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குக் கூடி, இருட்டோடு மரத்தடிக்குப் போனார்கள். கடிகாரம் அரை மணி நகர்ந்தபோது அந்த இருட்டுக்குரிய எண் மாறியது, இருட்டு மாறவில்லை.

வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கும் இதே சிக்கல் உண்டு. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறு மணிக்கு விடிகிற ஊரின் கணக்கு. பகலை எட்டாகப் பிரித்தால் திங்களுக்கு இரண்டாம் பங்கு. எந்தக் கிழமைக்கும் முதல் பங்கு ராகு காலம் ஆகாது. பிப்ரவரியில் ரவாங்கில் ஏழரை மணி என்றால் சூரியன் அப்போதுதான் உதித்திருக்கும். விதிப்படி பார்த்தால் இங்கே அது தொடங்குவது கிட்டத்தட்ட ஒன்பது மணிக்கு. சுபகாரியத்துக்கு நேரம் குறிப்பவர்கள் உள்ளூர் உதயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. காலைப் பள்ளி ஏழரையை ஒட்டித் தொடங்குகிறது. பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளை ஆறு மணிக்கு வேனில் ஏறினால், பிப்ரவரியில் சூரியக் கணக்குப்படி அது விடியற்காலை நாலரை. ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் வேளையா அது? நாட்டின் நேரத்தை மறுபடியும் மாற்றச் சொல்லவில்லை. விமானம், வங்கி, வணிகம் எல்லாம் அதோடு பிணைந்துவிட்டன. பள்ளி மணியை மாற்றலாமே. சரவாக் முன்பு கடிகாரத்துக்குச் செய்ததை நாம் பள்ளி மணிக்குச் செய்யலாம்: ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அரை மணி தாமதமாக அடித்தால், நவம்பரில் கிடைக்கிற அதே வெளிச்சத்தில் பிள்ளைகள் பள்ளி வாசலை அடைவார்கள்.