120-வது நாள் பூட்டிக்கொண்ட சர்வர்!

ஐப்பசி பிறந்த அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஈரோட்டிலிருந்து போன். ஜவுளி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கும் அக்கா பேசினார்.

"தம்பி, யாரையுமே கம்ப்யூட்டர் உள்ளே விடமாட்டேங்குதுங்க. பாஸ்வேர்டு சரியாத்தான் போடறோம். லைசென்ஸ் சர்வர் இல்லைன்னு இங்கிலீஷ்ல ஏதோ வருது. தீபாவளி நேரம், ஒரு பில்கூடப் போட முடியலைங்க."

தேதி அக்டோபர் 18. மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டுபவர்கள் 3பி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி. அக்காவின் குரலில் இருந்த நடுக்கத்துக்கு அதுதான் காரணம்.

அந்தக் கடையில் இருப்பது ஒரே ஒரு சர்வர். டேலி, ஸ்டாக், பாக்கிக் கணக்கு எல்லாம் அதற்குள். கவுன்டரில் இருப்பவர்களும், கோபியிலும் பவானியிலும் வீட்டிலிருந்தே என்ட்ரி போடும் இரண்டு பெண்களும் 'ரிமோட் டெஸ்க்டாப்' வழியாகத்தான் அதில் நுழைகிறார்கள். அவர்கள் பார்க்கும் திரை அந்த சர்வரின் திரை. நுழைவு நின்றால் எல்லோருக்கும் வேலை நின்றது.

நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரு விபரீதம் தயாராகிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைப் பையன், "ஃபார்மட் போட்டுட்டா சரியாயிடும்ணா" என்று சொல்லி, பென் டிரைவோடு வந்து நின்றான். முதலாளியின் மகனும் தலையாட்டிவிட்டார். "பேக்கப் எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன். அதே சர்வரின் 'டி' டிரைவில் என்றார்கள். கொஞ்சம் தாமதமாகப் போயிருந்தால் தீபாவளிப் பாக்கி மொத்தமும் காற்றோடு போயிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பையன் சொன்னதில் பாதி உண்மை. ஃபார்மட் செய்தால் மறுபடி வேலை செய்யும். இன்னொரு 120 நாளைக்கு.

விஷயம் அந்த 120 நாளில்தான் இருக்கிறது. விண்டோஸ் சர்வர் வாங்கினால், நிர்வாக வேலைக்காக ஒரே சமயத்தில் இரண்டு பேர் வெளியிலிருந்து நுழையலாம். அதற்கு மேல் ஆட்கள் அன்றாட வேலைக்கு நுழைய வேண்டுமென்றால், தலைக்கோ கருவிக்கோ ஒன்று என்று தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கும்வரை 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அது முடிந்தால் முன்னறிவிப்பில்லாமல் கதவு மூடிக்கொள்ளும். முன்னறிவிப்பில்லாமல் என்பது தப்பு. இத்தனை நாளில் நின்றுவிடும் என்று சர்வர் திரையின் மூலையில் எச்சரிக்கை வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் இந்தக் கடை சர்வருக்கு மானிட்டரே இல்லை. மாடிப்படிக்குக் கீழே, துணி மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. யார் பார்ப்பது?

பழைய பில்லை எடுத்துப் பார்த்தோம். ஜூன் 20-ல் சர்வரை அமைத்திருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணினால் அக்டோபர் 18-ல் சரியாக 120. பில்லில் விண்டோஸ் சர்வர் 2019 மட்டும் இருந்தது. ரிமோட் லைசென்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. அமைத்துக் கொடுத்தவருக்குப் போன் செய்தால், "அப்புறம் வாங்கிக்கலாம்னு சொன்னேனேங்க" என்றார். சொன்னதாகக் கடையில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

முதல் வேலையாக ஒரு பழைய மானிட்டரையும் கீபோர்டையும் சர்வரில் சொருகினோம். நேரடியாக உட்கார்ந்து திறந்தால் இந்த லைசென்ஸ் தடை கிடையாது. அட்மின் பாஸ்வேர்டு போட்டதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. கணக்கு ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியூரில் இருக்கும் நிர்வாகியும் நுழையலாம்: 'ரன்' பெட்டியில் எம்எஸ்டிஎஸ்சி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அட்மின் என்று சேர்க்க வேண்டும். ஆனால் இது பழுது பார்ப்பதற்கான வழி. இதிலேயே பில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

உடனே வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்தோம். அக்கா மாடிப்படிக்குக் கீழேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கணக்கை முடித்தார். 19-ம் தேதி மாலை 3பி தாக்கலானது. கவுன்டரில் மூன்று நாள் பழையபடி கை பில்தான்.

'ரெஜிஸ்ட்ரியில் ஒன்றை அழித்தால் மறுபடி 120 நாள் கிடைக்கும்' என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. முதலாளியின் மகனும் ஒன்றைக் காட்டினார். அது லைசென்ஸ் விதிக்கு விரோதம். தவிர, அடுத்த பூட்டு பிப்ரவரியில் விழும். அப்போதும் யாரும் தேதி பார்க்கப் போவதில்லை.

லைசென்ஸ் வாங்கும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. தலைக்கு ஒன்று என்கிற வகையை வாங்கவிருந்தார்கள். நல்லவேளை, பணம் கட்டும் முன் கேட்டார்கள். இவர்களுடையது 'டொமைன்' இல்லாத சின்ன அலுவலகம். சர்வர் 2019-ல் அப்படிப்பட்ட இடத்தில் தலைக்கு ஒன்று வகையைப் போட்டால், 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும். கருவிக்கு ஒன்று வகைதான் சரி. 2016-க்கான லைசென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினாலும் 2019 ஏற்காது.

லைசென்ஸ் வந்ததும் அந்த சர்வரிலேயே லைசென்ஸ் வழங்கும் பிரிவை நிறுவி, ஆன்லைனில் ஆக்டிவேட் செய்து, 'எங்களுடையது கருவி வகை, வழங்கும் சர்வர் இது' என்று இரண்டையும் பாலிசியில் குறித்தோம். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு, 'பணம் கட்டியும் வேலை செய்யலையே' என்று புலம்புபவர்கள் அதிகம். சர்வரிலேயே இருக்கும் 'லைசென்சிங் டயக்னோசர்' எது குறைகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

எல்லோரும் உள்ளே போனார்கள், கோபிப் பெண்ணைத் தவிர. அவருக்கு வந்த செய்தி வேறு: லைசென்ஸ் புரோட்டோகால் பிழை. இது சர்வரின் குற்றமில்லை, அவர் லேப்டாப்பில் தங்கிவிட்ட பழைய லைசென்ஸ் பதிவு. போனிலேயே வழி சொன்னேன். ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்லைசென்சிங் என்ற பகுதியை நகலெடுத்து வைத்துவிட்டு நீக்கினார். பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பை ஒருமுறை மட்டும் 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று திறந்தார்.

"வந்துருச்சுங்கண்ணா. ஆனா மூணு நாள் கை பில்லு நூத்தி எழுபது இருக்குதாமா, அதையெல்லாம் யாருங்க என்ட்ரி போடறது?"