மனந்திரும்புதலும் இறைமகிழ்ச்சியும்

கிறித்தவ சமய நூல்களிற் பயிலும் கலைச்சொற்களுள் ‘மனந்திரும்புதல்’ என்பது தலையாயது. விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாகத் தமிழ் வழக்கில் ஊன்றிய இச்சொல்லுக்குச் ‘செய்த பிழைக்கு வருந்துதல்’ என்றே பலரும் பொருள் கொள்வர். அங்ஙனமாயின், லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம் இதனை மகிழ்ச்சியோடு பிணைத்துப் பேசுவது எவ்வாறு பொருந்தும்? அம்மகிழ்ச்சி யாருடையது? இவ்விரண்டினையும் ஈண்டு ஆராய்வோம்.

1. சொற்பொருள்

வருத்தத்தைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் உள. ‘கழிவிரக்கம்’ என்பது கழிந்தது கருதி இரங்குதல். ‘பச்சாத்தாபம்’ என்னும் வடசொல் ‘பின்னர் எய்தும் வெப்பம்’ என விரியும். இரண்டும் இறந்தகாலத்தை நோக்கி நிற்பன. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ‘மெட்டனோயா’ என்பதோ மனத்தின் மாற்றத்தைச் சுட்டுவது. எபிரேயத் தீர்க்கதரிசிகள் பெரிதும் ஆண்ட ‘ஷூவ்’ என்னும் வினைக்குத் ‘திரும்பு’ என்பதே நேர்ப்பொருள். தீயோன் சாவதிலன்று, அவன் தன் வழியினின்று திரும்பிப் பிழைப்பதிலேயே இறைவன் விருப்பங் கொள்கிறான் என எசேக்கியேல் நூல் (33:11) கூறுமிடத்தும் இவ்வினையே பயில்கிறது. கிரேக்கச் சொல்லின் ‘மனமும்’ எபிரேயச் சொல்லின் ‘திரும்புதலும்’ ஒருங்கே அமைந்திருத்தல் தமிழ்ச் சொல்லின் சிறப்பாகும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. இயேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாசு பெரிதும் வருந்தினான். பெற்ற முப்பது வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொடுத்தான். தன் பிழையையும் வாய்விட்டுரைத்தான். ஆயினும் அவன் சென்றது சாவை நோக்கியே. அவன் வருத்தத்தைக் கூறுமிடத்து மத்தேயு (27:3) ‘மெட்டனோயா’வோடு தொடர்புடைய வினையை ஆளாது, வேறொரு வினையை ஆளுதல் கருதத்தக்கது. மும்முறை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். எனினும் அவன் மீண்டும் தன் ஆசிரியனிடமே வந்தான். இருவரிடத்தும் வருத்தம் உண்டு. திரும்புதல் ஒருவனிடத்தே உண்டு.

2. மூன்று உவமைகள்

பாவிகளை வரவேற்று அவரோடு உண்கிறார் எனப் பரிசேயரும் மறைநூலறிஞரும் முணுமுணுத்தபோது, இயேசு கூறியனவாக லூக்கா மூன்று உவமைகளைத் தொகுத்துள்ளார். நூறு ஆடுகளுள் ஒன்று, பத்துக் காசுகளுள் ஒன்று, இரு மைந்தருள் ஒருவன் என இழப்பின் பங்கு படிப்படியே மிகுதல் காண்க.

இவற்றுள் ஆடும் காசும் வருந்தவல்லன அல்ல. ஆடு தானாகத் திரும்பவில்லை. மேய்ப்பன் தோளிற் சுமந்து கொணர்ந்தான். காசோ கிடந்த இடத்தினின்று அசையவும் இயலாதது. ஆயினும் இவ்விரண்டன் முடிவிலேதான் மனந்திரும்பும் பாவியைக் குறித்த மகிழ்ச்சி பேசப்படுகிறது. தமிழிலக்கணப்படி ‘திரும்பு’ தன்வினை, ‘திருப்பு’ பிறவினை. தன்வினையாகத் தோன்றும் மனந்திரும்புதலுக்கு முன்னரே இறைவனின் பிறவினை நிகழ்ந்துள்ளது என்பதே இவ்வுவமைகளின் உட்கிடை.

மகிழ்ச்சி யாருடையது என்பதும் இதனால் விளங்கும். இரண்டாம் உவமையின் முடிவில், மகிழ்ச்சி தேவதூதரின் ‘முன்னிலையில்’ உண்டாவதாகவே மூலம் கூறுகிறது. தூதர் காணும்படி மகிழ்பவன் இறைவனே என்பது அதன் குறிப்பு. மேய்ப்பனும் காசைத் தேடிய பெண்ணும் அயலாரை அழைக்குமிடத்து வரும் கிரேக்க வினை, ‘உடன்’ என்னும் பொருள்தரும் முன்னொட்டுடையது. ‘உடன் மகிழுங்கள்’ என்பதே அவ்வழைப்பு.

இளைய மைந்தன் கதையில் ‘மெட்டனோயா’ என்னும் சொல்லே இல்லை. பசியால் வாடியவன் தன்னுணர்வு பெற்று எழுகிறான். பிழையை ஏற்றல், மகனெனப்படும் தகுதியின்மை கூறல், கூலியாளாக வைக்குமாறு வேண்டல் என மூன்று கூறுடைய பேச்சொன்றை அமைத்துக் கொள்கிறான். தந்தையோ அவன் பேசுமுன்னரே ஓடிவந்து தழுவுகிறான். மூன்றாங் கூறு சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. சில பழஞ்சுவடிகளில் அதுவும் காணப்படினும், அதனை ஒழித்த பாடமே கதையின் போக்கிற்கு இயைவது. மகனாகவே ஏற்கப்பட்டவனுக்குக் கூலியாளின் நிலையை வேண்ட இடமில்லை.

3. மூத்தவனின் வழக்கு

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். தவறியவனுக்கு விருந்தெனின், தவறாது உழைத்தவனுக்கு யாது பயன்? மூத்த மகன் கேட்பதும் இதுவே. அவ்வினா முறையற்றதென்று தந்தை கடியவில்லை. தனக்குள்ள யாவும் அவனுடையவே என்கிறான். ஆயினும் மூத்தவன் தன் வாழ்வை அடிமையுழைப்பாகக் கணக்கிட்டான். தம்பியைத் ‘தம்பி’ எனக் கூறவும் மனமின்றி, ‘உம்முடைய மகன்’ என்றான். தந்தை ‘உன் தம்பி’ என மாற்றிக் கூறுவது நுட்பமுடைத்து. இளையவன் தொலைநாட்டில் இழந்த உறவை, மூத்தவன் வீட்டு வாயிலிலேயே இழந்து நிற்கிறான்.

அவன் உள்ளே சென்றானா என்பதை லூக்கா கூறவில்லை. முணுமுணுத்தோரை நோக்கிக் கூறிய கதையாதலின், அம்முடிவு கேட்போர்க்கு விடப்பட்டது.

ஆகவே, கிறித்தவக் கோட்பாட்டில் மகிழ்ச்சி என்பது போதிய அளவு வருந்தியவர்க்குப் பின்னர் அளிக்கும் பரிசன்று; தேடியவனுக்கு உரியது, பிறரும் உடன் பங்கு பெறுதற்கு அழைக்கப்படுவது. வருத்தம் அவ்வழியில் வரலாம். வழியின் முடிவு அதுவன்று. ‘திரும்புதல்’ என்னும் சொல்லைக் கழிவிரக்கமெனச் சுருக்கின், வீட்டை விட்டுத் துயரை மட்டும் எஞ்சவிடுவோம். சமயச் சொற்களின் பொருள் வரையறுப்போர் இவ்வேறுபாட்டைப் போற்றுதல் வேண்டும் என்பது நம் துணிபு.