உஷார்! ‘நீயே பேப்பர் போட்டுடு’ என்பார்கள்

ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிடுகிறார்களா? உஷார். உட்காரச் சொல்வார்கள், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பார்கள். பிறகு, ஏற்கெனவே டைப் அடித்த ஒரு தாள் மேசைமேல் உங்கள் பக்கம் நகரும். “ஆர்டர் இல்லப்பா. நாங்க நிறுத்துனோம்னு போட்டா வேற கம்பெனியில எடுக்க மாட்டான். நீயே பேப்பர் போட்டுடு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டை நல்லபடியா தர்றோம்.”

தாளில் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று இருக்கும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் அப்படித்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். ஒரே கம்பெனியில் ஏழு வருஷம், கடைசி ரெண்டு வருஷமும் 15,000 ரூபாய் சம்பளம். மூன்று வாரம் கழித்து, “அண்ணே, வேலை போனா இ.எஸ்.ஐ.யில காசு தருவாங்களாமே?” என்று வந்து நின்றான்.

தருவார்கள்தான். ‘அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா’ என்று வாயில் நுழையாத பெயர். 2018 ஜூலை 1-ல் சோதனை முறையில் ஆரம்பித்து, அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள். முதலில் சராசரி தினக்கூலியில் கால்வாசி தந்தார்கள். கொரோனா வந்தபின் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். 90 நாள் வரைதான், அதுவும் வாழ்நாளுக்கு ஒரு தடவைதான். தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: இரண்டு வருஷச் சம்பளம் 3,60,000. அதை 730 நாளால் வகுத்தால் தினம் 493 ரூபாய். அதில் பாதி, 90 நாளைக்கு என்றால் சுமார் 22,000. மூன்று மாத வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அதில் ஓடியிருக்கும். மாதாமாதம் 113 ரூபாய் அவன் சம்பளத்தில் பிடித்தது சும்மா இல்லை.

ஆனால் தானாக வேலையை விட்டவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இது கிடையாது. வேலை உங்களை விட்டுப் போயிருக்க வேண்டும். நீங்கள் வேலையை விட்டிருக்கக் கூடாது. அந்த ஒற்றைத் தாள் இதைத்தான் தலைகீழாக்கிவிடுகிறது. கம்பெனிக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆட்குறைப்பு என்றால் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் வேறு. தம்பிக்கு ஏழு வருஷத்துக்கு 105 நாள் சம்பளம். ராஜினாமா என்றால் அந்தப் பேச்சே இல்லை. ஹெச்.ஆர். அவ்வளவு பாசமாகப் பேசியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஆலையையே மூடிவிட்டால், அல்லது சட்டப்படி ஆட்குறைப்பு செய்தால், 2005-லிருந்து இருக்கும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவும் உண்டு. முதல் 12 மாதம் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. அதையும் இந்தத் தாள் விழுங்கிவிடும்.

தாளில் தப்பித்தாலும் கம்ப்யூட்டரில் மாட்டலாம். உங்களுக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தும் மாதத்தில், ஏன் நிறுத்தினோம் என்று இ.எஸ்.ஐ. தளத்தில் ஒரு காரணத்தைக் கம்பெனி தேர்ந்தெடுக்க வேண்டும். ‘லெஃப்ட் சர்வீஸ்’ என்று ஒன்று இருக்கிறது, ‘ரெட்ரெஞ்ச்மென்ட்’ என்று ஒன்று இருக்கிறது. எதை அமுக்கினார்கள் என்று கேட்டுவிடுங்கள், எழுத்திலேயே கேளுங்கள்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால், இ.எஸ்.ஐ.யில் இனிஷியலே இல்லாமல்: நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் மூன்று ஆளாக வாழ்கிறோம். ஆதாரும் வங்கிக் கணக்கும் இ.எஸ்.ஐ. பதிவோடு இணைந்திருந்தால்தான் பணம் வரும். திருத்தத்தை வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் புது இ.எஸ்.ஐ. நம்பர் போட விடாதீர்கள். பழைய பத்து இலக்க நம்பரையே கொடுங்கள். குறைந்தது இரண்டு வருஷ வேலை, கடைசி ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்று காலத்தில் ஏதாவது ஒன்றில் இன்னொரு 78 நாள் என்று கணக்குப் பார்ப்பார்கள். நம்பர் இரண்டானால் கணக்கும் உடையும். சம்பளம் 21,000-ஐத் தாண்டி, இ.எஸ்.ஐ. பிடித்தம் நின்று நாளாகிவிட்டவர்களுக்கு இந்தக் கதவு இல்லை, பி.எஃப். மட்டும்தான் கை கொடுக்கும்.

வேலை போய் 30 நாள் ஆனதும் நீங்களே விண்ணப்பிக்கலாம். கம்பெனி வழியாகப் போக வேண்டியதில்லை. ஆன்லைனிலும் செய்யலாம், கிளை அலுவலகத்துக்கும் போகலாம். திட்டம் அன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது. ‘வாங்கித் தர்றேன், பாதி எனக்கு’ என்பவரிடம் ஓ.டி.பி. சொன்னால் பி.எஃப்.பும் சேர்ந்து போகும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் படித்த வேலையற்றோருக்குத் தரும் உதவித்தொகை வேறு. அதோடு இதைக் குழப்ப வேண்டாம்.

ஹெச்.ஆர். அறையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்.” விடமாட்டேன் என்றால், ‘நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் கையெழுத்திடுகிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று உடனே பதிவுத் தபாலில் கம்பெனிக்கு எழுதி, அந்த நகலோடு தொழிலாளர் அலுவலரைப் பாருங்கள். நாள் தள்ளத் தள்ள உங்கள் பேச்சு எடுபடாது.

தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். கையெழுத்துப் போட்ட தாளுக்கு நகல் வாங்கினாயா என்று கேட்டேன். வாங்கவில்லை. செல்லிலாவது படம் எடுத்தாயா? “போனை கேட்லயே செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுத்தானண்ணே உள்ள போகணும்” என்றான்.