விடந் தீண்டினால் விரைந்து செய்வன

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. நடுங்குவதில் தீங்கில்லை, நடுங்கிய கை செய்யத் தகாததைச் செய்யும்போதே தீங்கு விளைகின்றது. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியன் ஒருவன் ஜூபிலி மலரில் விடக்கடியைப் பற்றி எழுதுவதேன் எனப் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடையை முதலிற் கூறிவிடுகின்றேன்.

யான் சிறுவனாயிருந்த காலத்தில், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் தாயார் கொழுந்து பறித்து வந்தார். ஒருநாள் செடியின் அடியிற் கிடந்த குட்டை விரியனொன்று அவருடைய வலக்கைச் சுட்டுவிரலைத் தீண்டிற்று. உற்றார் ஓடிவந்து விரலின் அடியைச் சணற்கயிற்றால் இறுகக் கட்டினர். சவர அலகினாற் கீறினர். பச்சிலை அரைத்துப் பூசினர். எல்லாம் அன்பினாற் செய்தவையே. வைத்தியசாலையை அடைந்தது மறுநாட் காலையில். உயிர் பிழைத்தது; விரல் பிழைக்கவில்லை. பாம்பு செய்த தீங்கைவிடக் கயிறு செய்த தீங்கு பெரிது என்று வைத்தியர் கூறிய சொல் இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது. எஞ்சிய ஒன்பது விரல்களாற் கொழுந்து பறித்தே அவர் என்னை ஆசிரிய கலாசாலைக்கு அனுப்பினார். அக்கடனிற் சிறிதளவு தீர்க்கவே இதனை எழுதுகின்றேன்.

நம் நாட்டுப் பாம்புகள்

இலங்கையில் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் வீடுவீடாகச் சென்று நடத்தப்பெற்று 2016 இல் வெளியான ஆய்வொன்று, ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் என்றும், அவருள் 30,000 பேரளவினர்க்கே விடம் ஏறுகின்றது என்றும், 400 பேருக்கு மேல் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. இக்கணக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. கடியுண்டவருட் பெரும்பாலார்க்கு விடமே ஏறுவதில்லை. மந்திரித்ததால் நலமடைந்தார் என நாம் கேள்விப்படும் பலர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவராயிருத்தல் கூடும். ஆயினும், கடித்த பொழுதிலேயே இவர் தப்புவார், இவர் தப்பார் என எவராலும் சொல்ல இயலாது. ஆதலின் ஒவ்வொரு கடியையும் விடக்கடியாகவே கொள்ளல் வேண்டும்.

கண்டிச் சூழலில் நாம் முதலில் அறியவேண்டியது, மூக்கு நுனி மேல்நோக்கி எழுந்த குட்டை விரியனாகும். சிங்களச் சகோதரர் இதனைக் குணகட்டுவா என்பர். உதிர்ந்த இலையின் நிறத்தினதாய், சருகினுள்ளும் செடியடியிலும் சுருண்டு கிடக்கும். இலங்கையில் விடப்பாம்புக் கடிகளுள் மிகுதியானவை இதனுடையவையே. கடிவாயில் நோவும் வீக்கமும் கொப்புளமும் தோன்றும். சிலருக்குக் குருதி உறையுந் தன்மை கெட்டுச் சிறுநீரகமும் பழுதுறும். தேயிலைச் செடியின் மேலும் ஏலச்செடியின் மேலும் காணப்படும் பச்சை விரியனும் கையிலே தீண்டுவதுண்டு. விடுமுறையில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் மாணவர் கண்ணாடி விரியனையும் கட்டுவிரியனையும் அறிந்திருத்தல் நன்று. கட்டுவிரியன் இரவிலே தரையில் உறங்குவோரைத் தீண்டும். கடிவாய் கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கும். விடியலில் வயிற்றுநோவு, கண்ணிமை சரிதல், விழுங்க முடியாமை என்பன தோன்றின் காலந்தாழ்த்தலாகாது. கட்டிலும் நுளம்புவலையும் அவ்விடத்து உயிர்காக்கும் பொருள்களாம்.

செய்வனவும் தவிர்வனவும்

கடியுண்டவரை அமைதியாக இருத்துக. மோதிரம், வளையல், கொலுசு முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுக. எலும்பு முறிந்தாற் செய்வதுபோல மட்டையொன்று வைத்துக் கையையோ காலையோ அசையாதபடி தளரக் கட்டுக. தசை அசையுந்தோறும் விடம் விரைந்து பரவும். ஆகையால் அவரை நடக்கவிடாது தூக்கிச் செல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சுடுதல், பனிக்கட்டி வைத்தல், சாராயம் கொடுத்தல் ஆகியன கூடா. விரியனின் விடம் தசையை அழிக்க வல்லது. கட்டு இறுகினால் அவ்விடம் ஓரிடத்தே தேங்கும், குருதியோட்டமும் நின்றுவிடும், இரண்டுஞ் சேர்ந்து உறுப்பை அழுகச் செய்யும். என் தாயாரின் விரலுக்கு நேர்ந்தது இதுவே. பாம்பைத் துரத்திக் கொல்ல முயல்வதும் மற்றுமொரு கடிக்கு வழியாகும். தொலைவில் நின்று கைப்பேசியிற் படம் எடுக்க இயலின் எடுக்கலாம். இயலாவிடின் அதற்கெனக் காத்திருத்தல் வேண்டா.

வைத்தியசாலையிற் சிறிதளவு குருதியைக் கண்ணாடிக் குழாயில் இட்டு 20 நிமிடம் அசைக்காது வைப்பர். அது உறையாதிருப்பின் விரியனின் விடம் ஏறியமை துணியப்படும். இத்துணை எளிய சோதனை எத்துணையோ உயிர்களைக் காத்துள்ளது. விடமுறி மருந்தின் வரலாறு 1894 ஆம் ஆண்டிற் பிரான்சிலே தொடங்குகின்றது. குதிரைக்குச் சிறுகச்சிறுக விடத்தைச் செலுத்த, அதன் குருதியில் விடத்தை எதிர்க்கும் பொருள் உண்டாகின்றது; அதனைப் பிரித்தெடுத்ததே அம்மருந்து. அயற்பொருளாதலின் அது சிலருடலிற் கடும் ஒவ்வாமையை விளைக்கும். அம்மருந்துக்குச் சற்று முன்னர் அட்ரினலினைச் சிற்றளவில் ஏற்றினால் அவ்வாபத்துக் குறையும் என இலங்கையில் நடந்த ஆய்வொன்று 2011 இல் நிறுவிற்று.

இங்கு ஒரு குறையையும் மறைத்தலாகாது. நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் இந்திய மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கன் விடத்துக்கென ஆக்கப்பெற்றது. நம்மவரை மிகுதியாகத் தீண்டும் குட்டை விரியனுக்கு அது பயன்படாது. ஆயினும் சிறுநீரகத்தையும் குருதியையும் காத்துத் துணைச்சிகிச்சை செய்ய வைத்தியசாலையே தக்க இடமாகும். பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017 இற் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. ஏழைத் தொழிலாளரின் துன்பமாதலால் அது புறக்கணிக்கப்பட்டது போலும்.

குளவியும் கிருமிநாசினியும்

மலைநாட்டிற் பாம்பினும் மிகுதியாக அஞ்சப்படுவது குளவி. மலையிற் கொழுந்தெடுப்போர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி இறந்தனர் என்னுஞ் செய்தியை நாம் பன்முறை வாசித்துள்ளோம். கூடு கலைந்ததும் கையை வீசாது, முகத்தை மூடிக்கொண்டு, கட்டடத்தையோ வாகனத்தையோ நாடி ஓடுதல் வேண்டும். தேனீயின் கொடுக்குத் தோலிலே தங்கி விடத்தை மேலும் செலுத்திக்கொண்டிருக்கும். எவ்வாறாயினும் விரைந்து அகற்றுக. குளவியோ கொடுக்கை விடாது மீட்டும் மீட்டும் கொட்டும். உடலெங்கும் தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும் அது நிமிடக் கணக்கில் உயிர்பறிக்கும் ஒவ்வாமை. தொடைத்தசையில் ஏற்றும் அட்ரினலினே அதற்கு மருந்து. ஒவ்வாமை இல்லாதவரும் பல கொட்டுப் பெற்றிருப்பின் வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். சிறுநீரகத்தின் பழுது சில நாளின் பின்னரே வெளிப்படக்கூடும்.

மூன்றாவது நஞ்சு நாமே வீட்டிற்குக் கொண்டுவருவது. களைகொல்லியான பரகுவாட் 2008 முதற் படிப்படியாக விலக்கப்பட்டு நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. இத்தகைய தடைகளால் நஞ்சருந்தி இறந்தோர் தொகை பெரிதுங் குறைந்தது. எனினும் மரக்கறித் தோட்டங்களிற் கிருமிநாசினி இன்றும் புழங்குகின்றது. அதனைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தல் பிள்ளைகளுக்கு யமனை அழைத்து வைத்தலாகும். எவரேனும் அருந்திவிட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர். நனைந்த உடையைக் களைந்து உடலை நீராற் கழுவி, மருந்துப் போத்தலையும் உடன்கொண்டு வைத்தியசாலைக்கு விரைக.

நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று தோட்டங்களில் உத்தியோகத்தராகவும் ஆசிரியராகவும் வைத்தியராகவும் விளங்குகின்றனர். அவர்களிடம் யான் வேண்டுவது பெரிதன்று. கொழுந்தெடுக்கும் தாய்மாருக்குக் காற்சப்பாத்தும், குளவிக்கூடு உள்ள மலையை முன்னரே விலக்கிவைக்கும் ஒழுங்கும், இரவிலும் வைத்தியசாலை செல்ல ஒரு வாகனமும் கிடைக்கச் செய்யுங்கள். இன்றைய மாணாக்கர் இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், கயிறு கட்டாதீர் என்னும் ஒரு சொல்லையேனும் பாட்டியிடமும் தாயிடமும் சொல்வாராக. அச்சொல் ஒரு விரலைக் காக்கும். ஒருவேளை ஓர் உயிரையும் காக்கும்.