ஆம்பூர் கம்பெனி வெப்சைட்டுக்கு அரை மணி நேரச் சோதனை

வெளிநாட்டு வாங்குநர் சார்பில் ஆடிட் வருகிறது என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் பரபரப்பு முன்கூட்டியே தொடங்கிவிடும். கெமிக்கல் ஸ்டோரில் டிரம்களுக்கு லேபிள் ஒட்டுவார்கள். கழிவுநீர்க் கணக்கு, சம்பளப் பதிவேடு, தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். 1989இல் ஜெர்மனி பிசிபி எனும் பூஞ்சைத் தடுப்பு ரசாயனத்துக்குத் தடை விதித்ததிலிருந்தே அயல்நாட்டுச் சோதனைகள் இந்தப் பகுதிக்குப் பழகிப்போனவை. ஆனால் ஆடிட்டர் வருவதற்கு முன்பே வாங்குநரின் அலுவலகத்தில் யாரோ ஒருவர் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து பார்த்திருப்பார். அந்த வாசலை நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது அதைப் பார்த்தாக வேண்டிய நெருக்கடி. 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது ஷூ, தோல் ஏற்றுமதியாளர்கள் வேறு சந்தைகளைத் தேடத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இருபது வருடப் பழக்கமுள்ள வாங்குநருக்கு வாட்ஸ்அப்பில் சாம்பிள் படம் அனுப்பினால் போதும். புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது வெப்சைட்டை.

சோதனையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டாம். அது ஏற்கெனவே சேமித்து வைத்த படங்களைக் காட்டி, தளம் வேகமாக இருப்பதுபோல் ஏமாற்றும். மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, பிரவுசரின் தனிப்பட்ட விண்டோவில் முகவரியை அடியுங்கள். முன்னால் மூன்று டபிள்யூ போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. இரண்டும் ஒரே பக்கத்துக்குப் போக வேண்டும். ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை வரக்கூடாது. எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாத தளங்களுக்கு 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர் இந்த எச்சரிக்கையைக் காட்டுகிறது. இந்தச் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே போகிறது: 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். ஞாபகம் வைத்துக் கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனி எடுபடாது. ஹோஸ்டிங் கம்பெனியிடம் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அதில் தெரியவருவது சில நேரம் அதிர வைக்கும். கூகுளில் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் அடித்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் தளத்தில் கூகுள் அறிந்திருக்கும் பக்கங்கள் வரிசையாக வரும். பதினைந்து பக்கம் உள்ள தளத்துக்கு ஜப்பானிய எழுத்துகளில் பக்கம் பக்கமாக வந்தால், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பொருள். வருடக்கணக்கில் அப்டேட் செய்யாத வேர்ட்பிரஸ் பிளக்இன்கள் வழியாக இப்படி நடப்பது சகஜம். அந்தப் பக்கங்கள் கூகுளுக்கு மட்டும் தெரியும்படி ஒளித்து வைக்கப்பட்டிருப்பதால், உரிமையாளர் திறந்தால் தளம் பழையபடியே இருக்கும். நேர்மாறாக, ஒன்றுமே வரவில்லை என்றாலும் கோளாறுதான். தளம் கட்டும்போது ‘தேடுபொறிகள் பார்க்க வேண்டாம்’ என்று வேர்ட்பிரஸ் செட்டிங்கில் போட்ட டிக்கை எடுக்க மறந்திருப்பார்கள்.

என்கொயரி படிவத்தையும் நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்’ என்று திரையில் வருவது மட்டும் போதாது. அது யாருடைய மெயிலுக்குப் போகிறது, ஸ்பேமில் விழுகிறதா, வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் பெட்டியில் குவிகிறதா என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தளத்தில் எழுதியிருப்பதையும் வாங்குநரின் கண்ணோடு படியுங்கள். லெதர் வொர்க்கிங் குரூப்பின் தரச்சான்று பெற்ற டேனரிகள் எவை என்பதை அந்த அமைப்பின் தளத்திலேயே எவரும் பார்க்கலாம். காலம் முடிந்த கோல்டு முத்திரை உங்கள் முகப்பில் இன்னும் மின்னினால், அது வெறும் அசட்டை என்றாலும் பொய்யாகத்தான் படும். முகவரியையும் கவனியுங்கள். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். இன்வாய்ஸில் ஒரு மாவட்டம், வெப்சைட்டில் வேறு மாவட்டம் என்றிருந்தால், நம் ஊரை அறியாதவருக்குச் சந்தேகம் வருவது நியாயமே.

வேகத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் கருவியில் முகவரியைப் போட்டால் மதிப்பெண் வரும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய ஷூ படங்களைச் சுருக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நூற்றுக்கு நூறு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களுக்குச் செலவிடும் முன், மெயிலைக் கவனியுங்கள்.

ஏற்றுமதியாளருக்குப் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கன்டெய்னர் கப்பலேறிய நேரம் பார்த்து வாங்குநருக்கு ஒரு மெயில் போகும்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்.’ லோகோ, கையெழுத்து, இன்வாய்ஸ் எண் எல்லாம் சரியாக இருக்கும். பணம் மோசடிக்காரருக்குப் போன பிறகு, நஷ்டம் யாருடையது என்று வாங்குநரும் ஏற்றுமதியாளரும் மல்லுக்கட்டுவார்கள். 2024இல் அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் பதிவான புகார்களில் மட்டும் இவ்வகை மோசடியின் இழப்பு சுமார் 277 கோடி டாலர்.

உங்கள் பெயரில் மற்றவர் மெயில் அனுப்புவதைத் தடுக்க, டொமைன் பதிவில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று குறிப்புகள் உண்டு. எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று முதலாவது சொல்லும். இரண்டாவது மெயிலில் முத்திரை வைக்கும். போலி வந்தால் என்ன செய்வது என்று மூன்றாவது சொல்லும்: சும்மா விடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு. பலர் ‘சும்மா விடு’ என்ற நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். அதில் போலி மெயில் தடையின்றிப் போய்ச் சேரும். கம்பெனி மெயிலிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தட்டுங்கள். மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ இருக்க வேண்டும். டிமார்க் வரியே இல்லை என்றால் பெரும்பாலும் அந்த ஏற்பாடே செய்யப்படவில்லை.

இதையும் தாண்டி, ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிவைத்து, கண்ணுக்கு உங்களுடையதுபோலவே தெரியும் டொமைனை வாங்குபவர்கள் உண்டு. அதை டிமார்க் தடுக்காது. ‘எங்கள் வங்கி விவரம் மெயில் வழியாக ஒருபோதும் மாறாது, மாற்றம் என்று வந்தால் பழைய எண்ணில் போன் செய்து கேளுங்கள்’ என்று தளத்திலும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் எழுதிவிடுங்கள். மீறியும் நடந்துவிட்டால், அன்றே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, டொமைன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தளம் செய்துகொடுத்தவரே தன் கணக்கில் டொமைனை வாங்கி வைத்திருப்பதும், அவர் போன் எண் மாறிய பிறகு புதுப்பிக்க ஆளில்லாமல் போவதும் சிறு கம்பெனிகளில் நடக்கிறது. டாட் காம் முகவரி காலாவதியானால் மீட்பதற்குச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். வாங்குநர்கள் பழைய முகவரிக்கு அனுப்பும் ஆர்டரும் இன்வாய்ஸ் கேள்வியும் டொமைனை எடுத்தவர் கைக்கே போகும். கணக்கைக் கம்பெனி பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டைப் பங்குதாரர் ஒருவரிடம் வைத்து, பல வருடங்களுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடலாம். டாட் காம் முகவரியை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிவு செய்ய முடியும்.