முதலில் ஒரே ஒரு விளக்கு

மாடல்களைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விளக்குகளோடு தொடங்கிவிடுகிறார்கள். ஸ்டாண்ட், சாஃப்ட்பாக்ஸ், குடை எல்லாம் சேர்த்து செட்டாகவே விற்கிறார்கள். எந்த விளக்கை எங்கே நிறுத்துவது என்று யூடியூபில் வரைபடமும் கிடைக்கிறது. அதை அப்படியே பின்பற்றினால் முதல் நாளே ஓரளவு நல்ல படம் வந்துவிடும். ஆனால் அது ஏன் நன்றாக வந்தது என்று தெரியாது. வேறொரு முகம், வேறொரு உடை, கூரை தாழ்ந்த வேறொரு அறை என்று மாறியதும் படம் சொதப்பினால், எந்த விளக்கைத் திருத்துவது என்றும் தெரியாது. மூன்று பக்கத்திலிருந்து வரும் ஒளியில் ஒன்றின் நிழலை இன்னொன்று அழித்துவிடுகிறது. ஒளி என்ன செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பதே நிழல்தான். அதையே அழித்துவிட்டால் எதைப் பார்த்துக் கற்பது? ஸ்விட்சைப் போடும் முன்பே நிழல் எங்கே விழும் என்று சொல்ல முடிகிறவரை ஒரே விளக்கோடு பழக வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஒரு விளக்கிடம் அவ்வளவு இருக்கிறதா என்று கேட்கலாம். முதலில் அளவைப் பார்ப்போம். சூரியனின் குறுக்களவு பூமியைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஆனாலும் அது சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் நமக்குச் சிறு வட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் வெயிலில் மூக்கின் நிழல் அவ்வளவு கூர்மையாக விழுகிறது. ஒளி மென்மையாக இருக்குமா, கடுமையாக இருக்குமா என்பதை முடிவுசெய்வது, விளக்கு முகத்துக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே. இரண்டடி சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து இரண்டடியில் வைத்தால் நிழலின் விளிம்பு கரைந்து போகும். அதையே பத்தடி தள்ளி வைத்தால் வெறும் பல்பின் கடுமை எட்டிப் பார்க்கும். தூரத்தால் இன்னொரு மாற்றமும் வரும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். மாடலுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் வெள்ளைச் சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு முகத்திலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால், முகத்தில் விழுவதில் கால் பங்குதான் சுவரை எட்டும். படத்தில் சுவர் சாம்பல் நிறமாகிவிடும். விளக்கை நான்கு மீட்டருக்குத் தள்ளி, முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தையும் சரிசெய்துகொண்டால், சுவருக்கு 64 சதவீதம் போய்ச்சேரும். சுவர் வெள்ளைக்கு நெருங்கிவிடும். பின்னணியின் நிறத்தை மாற்ற இன்னொரு விளக்கு வாங்க வேண்டியதில்லை, ஸ்டாண்டை நகர்த்தினால் போதும்.

அடுத்தது கோணம். விளக்கு முகத்துக்கு நேரே, சற்று உயரத்தில் இருந்தால் மூக்குக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒரு சிறு நிழல் விழும். கன்ன எலும்புகள் எடுப்பாகத் தெரியும். 1932இல் வந்த ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்தில் மார்லீன் டீட்ரிச்சின் முகத்தை அப்படித்தான் காட்டினார்கள். விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் உயர்த்தினால், நிழல் பக்கத்துக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படும் ஒளியமைப்பு அது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஸ்டாண்டின் சில அடிகள்தான். இதையெல்லாம் ஃபிளாஷை வைத்துக்கொண்டு ஊகிக்க முடியாது, கண்மூடித் திறப்பதற்குள் மின்னி மறைந்துவிடும். எல்.இ.டி. விளக்கோ, ஃபிளாஷிலேயே உள்ள மாடலிங் பல்போ எரிந்துகொண்டிருக்க, ஒரு கையால் விளக்கை நகர்த்தியபடியே மூக்கின் நிழல் ஊர்வதைப் பார்க்க வேண்டும். கருவிழியில் விளக்கின் பிரதிபலிப்பு எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். அது விழாத கண் படத்தில் உயிரற்றுப் போகும்.

நம் ஊரில் இந்தப் பாடத்துக்குக் கூடுதல் அவசரம் இருக்கிறது. கறுத்த தோலை நன்றாகப் படமெடுக்க முடியாது, மேக்கப்பாலோ கணினியாலோ வெளுப்பாக்கித்தான் ஆகவேண்டும் என்ற நம்பிக்கை இன்னமும் ஸ்டுடியோக்களில் உலவுகிறது. பல பத்தாண்டுகளாகக் கலர் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக் ‘ஷெர்லி’ அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. கேமராவின் மீட்டரும் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகவே எடுத்துக்கொள்வதால், வெள்ளைப் பின்னணி முன் நிற்கும் மாநிற முகத்தை இன்னும் இருட்டாக்கிவிடும். முகத்தருகே கைமீட்டரைப் பிடித்து, முகத்தில் விழும் ஒளியை அளந்தால் அந்தத் தவறு நேராது. இருட்டாக வந்ததைப் பார்த்துப் பலரும் செய்வது, விளக்கின் சக்தியைக் கூட்டுவது. அப்போது நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் திட்டுகள் விழும். உடனே பவுடர் போடச் சொல்வார்கள். உண்மையில் கறுத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் நெருக்கி வைத்தால், அந்தப் பளபளப்பு புள்ளியாகத் திரளாமல் கன்னத்திலும் தோளிலும் படர்ந்து, எலும்பின் வடிவத்தை வரைந்து காட்டும். ஒரு விளக்கின் அளவும் கோணமும் செய்கிற வேலை இது. தெரியாத ஒளிக்காக ஒருவரின் நிறத்தைக் குறைசொல்வது அநியாயம்.

பெரிய விளம்பரப் படங்களில் ஐந்தாறு விளக்குகள் எரிகின்றனவே என்று கேட்பது நியாயம்தான். துணிக்கடை விளம்பரத்துக்குப் பின்னணி தூய வெள்ளையாக வேண்டுமென்றால் அதற்குத் தனி விளக்கு தேவை. கறுப்புத் திரைமுன் கருங்கூந்தல் மறைந்துபோகாமல் இருக்கப் பின்னாலிருந்து ஒரு விளக்கு தேவை. இதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு விளக்கும் எதற்கு என்று கேட்டால் பதில் இருக்கும். விளக்குகள் பல இருந்தும் ஒளி ஒன்றாகவே தெரியலாம்: 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத்துணி கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திரும்பவைத்தார். முற்றத்துக்கு மேலிருந்து இறங்கும் வானத்து வெளிச்சம் அவருக்குக் கிடைத்தது. நிழல் பக்கம் அளவுக்குமீறிக் கறுத்தால், நமக்கு முதலில் தேவை இரண்டாவது விளக்கல்ல, எதிர்ப்பக்கம் நிறுத்த ஒரு தெர்மாகோல் அட்டை. பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். முழுக்க வெளிறிப்போன நெற்றியில் திரும்ப எடுக்கத் தகவலே இருக்காது. மென்பொருள் புதிதாக ஒளியைச் சேர்த்தாலும், அது பொருந்துகிறதா என்று சொல்ல நிழலைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

மாடல் படத்துக்கே உரிய சிரமம் ஒன்றுண்டு. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர் அசையமாட்டார். மாடல் நடப்பார், திரும்புவார், சாய்வார். ஒரு மீட்டரில் விளக்கு இருக்கும்போது அவர் 30 சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் முகத்தில் ஒளி இரு மடங்காகிவிடும். மூன்று மீட்டரில் இருந்தால் அதே சாய்வுக்குக் கால் பங்குகூடக் கூடாது. எனவே அசைவு வேண்டுமானால் விளக்கைத் தள்ளி வைத்து, மென்மைக்காக அதைப் பெரிதாக்க வேண்டும். இந்தக் கணக்கை அவர் வந்து நின்றபின் போட்டால் அவர் நேரம் வீணாகும், முகமும் களைத்துவிடும். வருவதற்கு முன் ஒரு நண்பரையோ துணிக்கடைப் பொம்மையையோ நிறுத்தி விளக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் வந்ததும், “விளக்கு இங்கே இருக்கு, இந்தக் கோட்டைத் தாண்டினா வெளிச்சம் போயிடும், முகத்தைத் திருப்புறப்போ தாடை இந்தப் பக்கம் வரட்டும்” என்று சொல்லிவிட்டால், எங்கே நிற்பது, எவ்வளவு தூரம் திரும்புவது என்பதை அனுபவமுள்ள மாடல் தானே பார்த்துக்கொள்வார்.